உள்ளங்கையில் கேட்ட சத்தம்

லெய்ஃப் ஸ்கோக்லண்டுக்குக் காது கேட்காது.
தானியம் உலர்த்தும் ராட்சதக் காற்றாடியின் பக்கத்தில்
முப்பது அறுவடை நின்றதில்
முதலில் பறவைகள் போயின, பிறகு தொலைபேசி,
அப்புறம் நாங்களெல்லாம்.
ஆகவே சத்தத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தார்,
கோதுமை எடைச்சீட்டின் பின்பக்கம், பென்சிலில்:
“பிரேக் கத்துகிறதாம். மகள் சொல்கிறாள்.
நாய் ஏற மாட்டேன் என்கிறது.”

எப்படிக் கத்துகிறது என்று கீழே எழுதினேன்.
தோளைக் குலுக்கினார்.

மற்றவர்கள் வாயாலேயே ஓட்டிக் காட்டுவார்கள்.
கறகற என்பார் பால்பண்ணை டெரன்ஸ்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹால்யா
கன்னத்தை உப்பிக்கொண்டு நங், நங் என்பாள்.
ஒருமுறை பாதிரியார் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு
மெல்லப் பன்றி மாதிரி முனகினார்
(ஸ்டீயரிங் பம்ப், நூற்றுத் தொண்ணூறு டாலர்).
இவரிடம் அந்த வசதி இல்லை.

ஓட்டிப் பார்த்தோம்.
தொண்ணூற்றொன்றின் ஃபோர்டு பிக்கப்,
பழுப்பின் மேல் இன்னொரு பழுப்பு,
கிலோமீட்டர் காட்டும் முள்
எப்போதோ உழைத்தது போதும் என்று படுத்துவிட்டது.
ஏப்ரல். சஸ்காட்செவனின் சரளைச் சாலை.
பள்ளங்களில் அழுக்குப் பனி.
கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன்.

கிறீஈஈச்.
வலது முன் சக்கரம்.
பிரேக்கை மிதித்தாலும் கிறீச், விட்டாலும் கிறீச்,
இடப்பக்கம் ஒடிக்கையில் மட்டும்
கொஞ்சம் தொண்டை மாறியது.
வேலியோரம் நின்ற மாடுகள் மொத்தமாகத் திரும்பின.
வண்டியை நிறுத்தச் சொல்லி
சக்கரம் என்று கைகாட்டினேன்.
அவர் கியர் தண்டின் தலையை
இரண்டு விரலால் தட்டினார்.
இல்லை, சக்கரம்.
மறுபடி தட்டினார்.
காது கேட்காத மனிதர், பாவம் என்று நினைத்தேன்.
எழுதித்தான் ஆகவேண்டும், நினைத்தேன்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினால்
பேடுகள் பாதிக்கு மேல் நன்றாகவே இருந்தன.
டிஸ்குக்கும் அதன் பின்னாலிருக்கும் தகரத்துக்கும் நடுவே
ஒரு கல்.
அவர் வயலில் விளையும் பயற்றின் பருமன்,
ஒருபக்கம் கண்ணாடியாகத் தேய்ந்திருந்தது.
திருப்புளியால் தகரத்தை நெம்பினேன்,
டிக் என்று சிமெண்டில் விழுந்தது.
அவ்வளவுதான்.
பெருமையாக அவர் கையில் வைத்தேன்.
பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
போய் எஞ்சினைக் கிளப்பினார்.

நியூட்ரல். கால் தரையில்.
அப்போதுதான் கேட்டது.
ர்ர்ர்ர்,
அடுத்த அறையில் யாரோ கோபத்தை
மென்றுகொண்டிருப்பது போல.
கிளட்சை மிதித்தார், நின்றது.
விட்டார், வந்தது.
மிதித்தார். விட்டார்.
என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

கியர்பெட்டியின் முன்தண்டு பேரிங்.
எண்ணெயை வடித்தேன், தட்டில் வெள்ளி மினுங்கியது.
காந்தத் திருகில் எஃகுத்தூள்
மீசை மாதிரி முளைத்திருந்தது.
எப்போதிலிருந்து என்று எழுதினேன்.
வலது உள்ளங்கையை விரித்துக் காட்டி
“பிப்ரவரி” என்று எழுதினார்.

பெட்டியைப் பிரித்தால் இரண்டாயிரத்து எண்ணூறு.
வண்டியை விற்றால் ஆயிரத்து ஐந்நூறு,
வாங்குபவன் செவிடாக இருந்தால்,
என்று எழுதிவிட்டுச் சட்டென்று அடிக்கப் போனேன்.
அவர் அதற்குள் படித்துச் சிரித்துவிட்டார்,
அளவு தெரியாத, பெரிய சிரிப்பு.

“விதைப்பு முடியும் வரை?”
ஓடலாம். ஓடாமலும் போகலாம்.
புது எண்ணெய் ஊற்றினேன்.
கல்லுக்குக் கூலி போடவில்லை.
சீட்டில் இன்னும் ஒரு விரல்கடை இடம் இருந்தது,
அதில் அவர் கேட்டார்:
“மகளிடம் என்ன சொல்ல?”

கிறீச் போய்விட்டது என்று சொல்லுங்கள், எழுதினேன்.
நான்காக மடித்துக்கொண்டார்.

வாசலைத் தாண்டுகிறவரை நாய் ஏறவில்லை,
பின்னாலேயே ஓடியது.
திருப்பத்தில் அவர் கதவைத் திறந்தார்.
அது நின்று,
தலையைச் சாய்த்து,
கொஞ்ச நேரம் கேட்டது.